கரும்புச் சீமையில் புழுங்கலரிசி

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், முன்னாளில் வெல்லெஸ்லி மாகாணம் என்றும் இந்நாளில் செபராங் பிறை என்றும் வழங்கும் நிலப்பகுதியின் தென்கோடியில், கிரியான் ஆற்றை அணைத்தபடி நிபோங் திபால் என்ற ஊர் இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் வந்து குடியேறுவதற்கு முன்னே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தச் சுற்றுவட்டாரம் கரும்புக் காடாகக் கிடந்தது என்பதையும், அந்தக் கரும்பை வெட்டியும் சுமந்தும் ஆலையில் காய்ச்சியும் உழைத்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தமிழர்கள் என்பதையும் மலேசியத் தமிழரின் சரித்திரத்தை ஓரளவேனும் படித்தவர்கள் அறிவார்கள். அவர்கள் பட்ட அடியையும் வாங்கிய கடனையும் அடைந்த அகால மரணத்தையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஜனங்களின் அடுப்பில் வெந்த சோற்றைப் பற்றி, அந்தச் சோறு வைத்திய சாஸ்திரத்தின் பெரியதொரு புதிரை அவிழ்க்கத் துணை செய்ததைப் பற்றி, நம்மவர்கள் அதிகமாக எழுதக் காணோம். அந்தக் குறையை என்னால் இயன்ற மட்டும் நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பிரதேசத்தில் கரும்பை முதலில் பயிரிட்டவர்கள் சீனர்கள். பத்து காவான் பக்கத்தில் தியோச்சூ சீனர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே கரும்பு நட்டு, எருமை பூட்டிய கல் ஆலைகளில் சாறு பிழிந்து, பழுப்புச் சர்க்கரை காய்ச்சி வந்தார்கள். 1840களில் பிரிட்டிஷ் சந்தையில் இந்தப் பகுதிச் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கும் ஒரே அளவாகச் சுங்கவரி விதிக்கப்படவே, ஐரோப்பிய முதலாளிகளின் கண் இந்த மண்ணின்மேல் விழுந்தது. காடு வெட்டப்பட்டது; சதுப்பு நிலத்தில் கால்வாய்கள் தோண்டப்பட்டன; நீராவி இயந்திரங்கள் வந்து இறங்கின. கலிடோனியா, விக்டோரியா, பைராம் முதலிய தோட்டங்கள் இவ்வாறு எழுந்தவையே. பிற்காலத்தில் இவற்றில் பல, ராம்ஸ்டன் குடும்பத்தாரின் பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் என்ற கம்பெனியின் ஆதிக்கத்தில் வந்தன. கலிடோனியாவில் அந்தக் குடும்பத்தார் வாழ்ந்த பங்களா, தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை என்ற பெயரோடு பாழடைந்து நிற்கிறது. நிபோங் திபாலுக்கு வருகிறவர்கள் அதைத் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். துரையின் வீட்டுக் கதவுகளை எண்ணி வைத்திருக்கும் ஊர், கூலிகள் குடியிருந்த லயங்களின் அடுப்புகளை எண்ணி வைக்கவில்லை.

கூலிகள் ஒப்பந்தத்தின்பேரில் வந்தார்கள். கப்பல் கட்டணமும் முன்பணமும் கழியும்வரை ஒருவன் இன்ன தோட்டத்தில் இத்தனை ஆண்டு உழைத்துத் தீர வேண்டும் என்பது நிபந்தனை. மலாயாவில் 1910-இல் அடியோடு நிறுத்தப்படும்வரை இந்த ஏற்பாடு ஏதேனும் ஒரு ரூபத்தில் நடந்துகொண்டே இருந்தது. அதில் வெல்லெஸ்லி மாகாணத்துச் சர்க்கரைத் தோட்டங்கள் சம்பாதித்த கெட்ட பெயரை வேறெந்தத் தோட்டமும் சம்பாதிக்கவில்லை என்றே சொல்லலாம். 1890-இல் ஜலசந்திக் குடியேற்றங்களின் தொழிலாளர் நிலைமையை விசாரிக்க ஒரு கமிஷன் அமைக்கப்பட்டதே அக்கால நிலைமைக்குச் சாட்சி. விஷக்காய்ச்சலும் சீதபேதியும் ஆறாத புண்ணும் சோகையும் லயங்களில் நிரந்தரமாகக் குடியிருந்தன. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயத்தைச் சொல்வது நியாயமாகும். ஏனெனில், தமிழ்க் கூலியின் சோறு அவனை எல்லாத் துன்பத்தினின்றும் காத்தது என்று யாரும் பொருள் கொண்டுவிடக் கூடாது. அது அவனை ஒரேயொரு வியாதியினின்று காத்தது. ஆனால் அந்த ஒரு வியாதி, அதே காலத்தில், அதே தேசத்தில், அவனுக்குப் பக்கத்திலேயே உழைத்த சீனத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தது.

பெரிபெரி என்பது அந்த வியாதியின் பெயர். முதலில் கால் மரத்துப்போகும், கெண்டைச் சதையைத் தொட்டாலே வலிக்கும், நடை தள்ளாடும். சிலருக்குத் தேகம் வற்றிக் கைகால் சோர்ந்து படுக்கையில் விழும். வேறு சிலருக்குக் கால் வீங்கி, அந்த வீக்கம் மேலேறி, இருதயம் பெருத்து, நேற்று மாலை பேசிக்கொண்டிருந்தவன் இன்று காலை பிணமாகக் கிடப்பான். ஈயச் சுரங்கங்களில், சிறைச்சாலைகளில், பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில், ஓரிடத்தில் சேர்ந்து உண்டு சேர்ந்து உறங்கும் ஆண்களிடையே அது பரவிற்று. ஆகவே அதை ஒரு தொற்றுநோய் என்றும், ஈர மண்ணிலிருந்து கிளம்பும் விஷவாயு என்றும், கட்டடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி என்றும் வைத்தியர்கள் பலவாறாக நினைத்தார்கள். சிறைச்சாலைகளின் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். வியாதி நின்றபாடில்லை.

சுவர் காரணமாயின் தமிழனுக்கும் வர வேண்டும்; மண் காரணமாயின் மலாய்க்காரனுக்கும் வர வேண்டும். இதைக் கண் திறந்து பார்த்தவர்களில் முக்கியமானவர், நெகிரி செம்பிலானில் சர்க்கார் வைத்தியராக இருந்த டாக்டர் பிராடன். பல்லாண்டு சேகரித்த விவரங்களை அவர் 1907-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். அவர் கண்டது எளியது: சயாமிலிருந்து வரும் வெள்ளைப் பச்சரிசியை உண்கிற சீனருக்குப் பெரிபெரி வருகிறது, தங்கள் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டு உரலில் குத்தி உண்கிற மலாய்க்காரருக்கு அது அரிதாக இருக்கிறது, புழுங்கலரிசி உண்கிற தமிழருக்கு ஏறக்குறைய வருவதே இல்லை. ஒரே சுரங்கத்துப் பக்கத்தில், ஒரே மழையில் நனைந்து, ஒரே தண்ணீரைக் குடிக்கும் மூன்று ஜாதி மனிதர்கள். அவர்களுக்குள் பேதம் உலைப்பானைக்குள்ளேதான் இருந்தது.

இந்த இடத்தில் புழுங்கலரிசி தயாராகும் விதத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். கப்பலேறியவர்களின் சொந்தக் கிராமங்களில் இது பெண்களின் வேலை. அறுவடையான நெல்லை அண்டாவிலோ தொட்டியிலோ கொட்டி, நெல் மூழ்கத் தண்ணீர் விட்டு ஊறப் போடுவார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ ஊறிய நெல்லிலிருந்து லேசான புளித்த வாடை கிளம்பும். பிறகு வைக்கோலையோ கருக்காயையோ எரித்து, மண் அடுப்பில் அண்டாவை ஏற்றி, கொஞ்சம் தண்ணீரோடு அவிப்பார்கள். ஆவி மேலெழுந்து, நெல்லின் உமி மெல்ல வாய் பிளக்கும் சமயம் பார்த்து இறக்கிவிட வேண்டும். முந்தினால் அரிசி நொறுங்கும், பிந்தினால் குழையும். அந்தச் சமயத்தை அவர்கள் கடிகாரத்தைப் பார்த்து அறியவில்லை. ஒரு நெல்லை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்து அறிந்தார்கள். பின்பு களத்தில் பரப்பி, காலால் கோதிக் கோதி, வெயிலும் நிழலும் மாறிப் படும்படி உலர்த்தி, பல்லில் கடித்தால் நறுக்கென்று முறியும் பதத்தில் அள்ளி வைப்பார்கள். உரலில் இடும்போது அவித்த நெல் பச்சை நெல்லைப்போல் உடையாது. பூச்சியும் எளிதில் அண்டாது. அரிசி உடையாமலிருக்கவும் நெடுநாள் கெடாமலிருக்கவுமே நம் முன்னோர் இதைச் செய்தார்கள் என்று எண்ணுவதற்கு இடமிருக்கிறது. ஆயினும் அவர்கள் எண்ணியதைவிடப் பெரிய காரியம் ஒன்று அந்த அண்டாவுக்குள் நடந்துகொண்டிருந்தது.

நெல்லின் தவிட்டுப் படலத்திலும் முளையிலும் தயமின் என்ற சத்து இருக்கிறது; பி-1 வைட்டமின் என்பது இதற்கே மறுபெயர். அது தண்ணீரில் கரையும் குணமுள்ளது. நெல் ஊறி அவியும்போது இந்தச் சத்தில் ஒரு பகுதி, தவிட்டை விட்டுக் கரைந்து, அரிசியின் உட்புறத்துக்குள் நகர்கிறது. கூடவே அரிசியிலுள்ள மாவுப் பொருள் வெந்து இறுகிப் பிசின்போல் ஆவதால், உள்ளே போன சத்து அங்கேயே சிறைப்பட்டுவிடுகிறது. அப்புறம் இயந்திரம் தவிட்டை எவ்வளவு சுரண்டினாலும் எல்லாவற்றையும் அது கொண்டுபோக முடியாது. இந்திய உணவுப் பட்டியல்களின்படி, ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம், ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியிலோ 0.21 மில்லிகிராம். வேறு அதிக ஆகாரம் கிடையாமல், ஒரு நாளைக்கு 600 கிராம் அரிசியைக் கொண்டே வயிற்றை நிரப்பும் உழைப்பாளி ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். புழுங்கலரிசி அவனுக்கு 1.26 மில்லிகிராம் கொடுக்கும். வளர்ந்த ஆண்மகனின் அன்றாடத் தேவை 1.2. பச்சரிசியோ 0.36-இல் நின்றுவிடும். களைவதிலும் கஞ்சி வடிப்பதிலும் மேலும் கொஞ்சம் போகும் என்றாலும், வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவிலிருந்த தூரம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது.

சுத்தமான வெள்ளையரிசி என்பது பழைய காலத்துப் பொருளன்று. உரலும் உலக்கையும் எவ்வளவு குத்தினாலும் தவிட்டில் ஒரு பங்கு அரிசியோடு ஒட்டிக்கொண்டேயிருக்கும். 1858-இல் பாங்காக்கில் முதல் நீராவி அரிசி ஆலை ஏற்பட்டது. அதன் பிறகு பாங்காக், சைகோன், ரங்கூன் துறைமுகங்களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. முத்துப்போல் வெளுத்த அரிசி, ஏழைக்கும் எட்டும் விலையில் மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்து இறங்கிற்று. இதே தலைமுறையில்தான் நிபோங் திபாலைச் சுற்றிலும் நீராவி ஆலைகள் கரும்புச் சாற்றை வெளுத்துக்கொண்டிருந்தன. கரும்பில் சக்கை உண்டு, தாது உப்புகள் உண்டு, பழுப்பு நிறத்தைத் தரும் பலவகைச் சத்துக்கள் உண்டு. ஆலையின் வேலை இவை அனைத்தையும் கழித்து இனிப்பை மட்டும் மிஞ்சவிடுவது. சயாம் அரிசி ஆலையின் வேலை தவிட்டையும் முளையையும் கழித்து மாவை மட்டும் மிஞ்சவிடுவது. தாவரம் தனக்காகச் சேர்த்து வைத்திருந்ததில் சக்தியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தச் சக்தியைத் தேகம் பயன்படுத்துவதற்குத் துணையாக இருந்தவற்றை எறிந்துவிடும் ஒரே காரியத்தையே இரண்டு ஆலைகளும் செய்தன. பகலெல்லாம் அந்தக் கழிக்கும் தொழிலில் உடலைத் தேய்த்த தமிழன், மாலையில் லயத்துக்குத் திரும்பி, சத்து முழுதும் கழியாத அரிசியைத் தின்றான் என்பதை நினைக்கும்போது என் மனம் நெகிழ்கிறது.

அவன் தின்ற அரிசி இந்த மண்ணில் விளைந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். கிரியான் ஆற்றுக்குத் தெற்கே, பேராக் ராஜ்யத்தின் சமவெளியில், 1899-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பெரிய நீர்ப்பாசனத் திட்டத்தால் புக்கிட் மேரா ஏரியின் தண்ணீர் பாய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயலாயிற்று. ஆயினும் அக்கரையில் நெல் விளைய, இக்கரைத் தமிழனுக்கு அரிசி ரங்கூனிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. காரணம், பச்சரிசிச் சோறு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது வயிற்றில் நிற்காது, சீக்கிரம் பசிக்கும் என்பது அவன் தீர்ப்பு. அவனுடைய ருசியை அறிந்த வியாபாரிகள் புழுங்கலரிசியைத் தருவித்தார்கள். கூலிக்கு அரிசி அளந்து சம்பளத்தில் பிடித்துக்கொண்ட தோட்டங்களும் அதையே அளந்தன. ஐராவதிக் கழிமுகத்தின் வயல்களுக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுத்த கடனும், ரங்கூன் ஆலைகளில் மூட்டை தூக்கிய தெலுங்கர் தமிழரின் தோளும், வெல்லெஸ்லி மாகாணத்துக் கூலியின் கலயமும் வங்காள விரிகுடாவைச் சுற்றி ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன. ருசி என்று நாம் லேசாகப் பேசுகிற ஒன்று, கடல் கடந்தும் கைவிடப்படாத காரணத்தால் உயிர் காத்தது.

டாக்டர் பிராடன் நோயின் மூலத்தை அறிவதில் தவறினார். நாட்பட்ட பச்சரிசியில் ஏதோ பூஞ்சை விஷம் உண்டாகிறது, நெல்லை அவிப்பதால் அந்த விஷம் தடைப்படுகிறது என்று அவர் கருதினார். காரணம் பிசகினாலும் பரிகாரம் சரியாக இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க விரும்பினவர் கோலாலம்பூரில் இருந்த டாக்டர் வில்லியம் பிளெட்சர். அவர் அரிசிக் கொள்கையை நம்பாமல் தொடங்கியவர் என்பது அவருடைய சோதனைக்கு அதிக மதிப்பைக் கொடுக்கிறது. 1905-ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, ஒன்று இரண்டு என்று எண்ணி, ஒற்றைப்படை எண் விழுந்தவர்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண் விழுந்தவர்களை மறுபக்கமும் பிரித்தார். ஒரு சாராருக்குச் சயாம் பச்சரிசி, மறு சாராருக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற ஆகாரமெல்லாம் ஒன்றே. ஓராண்டு கழிவதற்குள் பச்சரிசிப் பக்கத்தில் பெரிபெரி பலரைப் பிடித்துச் சிலரைக் கொன்றது. புழுங்கலரிசிப் பக்கத்தில், வியாதியோடு வந்து சேர்ந்தவர்களைத் தவிரப் புதிதாக யாருக்கும் வரவில்லை. வாய் திறந்து சம்மதமோ மறுப்போ சொல்ல முடியாத மனிதர்கள்மேல் இச்சோதனை நடந்தது. இன்றைய நீதிமுறை அதை ஒப்பாது. இறந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. சாஸ்திரம் அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறது.

இதற்குப் பின்னும் சந்தேகம் தீராதவர்கள் இருந்தார்கள். கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேஸர், தாமஸ் ஸ்டாண்டன் என்ற இருவர், நெகிரி செம்பிலானில் டூரியான் திப்புஸ் என்ற இடத்தில் கன்னிக் காட்டை வெட்டிச் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர் சுமார் 300 பேரை இரண்டு கூட்டமாக்கி, தனித்தனிக் குடிசைகளில் வைத்து, ஒரு கூட்டத்துக்கு வெள்ளையரிசியும் மறு கூட்டத்துக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளையரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டிற்று. அரிசியை மாற்றினார்கள், நோய் நின்றது. 1909-இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். பின்னர்க் கோழிகளை வைத்துச் சோதித்து, தீட்டும்போது கழியும் தவிட்டிலேயே காக்கும் பொருள் இருக்கிறது என்று நிரூபித்தார்கள். 1910-இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வைத்தியர்களின் மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியை இடைவிடாமல் உண்பதோடு பெரிபெரிக்குச் சம்பந்தம் உண்டு என்று தீர்மானம் செய்தது.

ஜாவாவில் இதற்கு முன்பே டச்சு வைத்தியர் எய்க்மன், வெள்ளையரிசி தின்ற கோழிகளுக்குக் கால் முடங்குவதையும் தவிடு கொடுத்தால் தேறுவதையும் கண்டிருந்தார். 1901-இல் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், உணவில் ஏதோ ஒன்று இல்லாத குறையே நோய்க்குக் காரணம் என்று தெளிவாக எழுதினார். 1912-இல் காசிமிர் பங்க் அந்த இனத்துப் பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். 1926-இல் ஜாவாவில் யான்சனும் டோனத்தும் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். பத்தாண்டு கழித்து, 1936-இல், அதன் ரசாயன அமைப்பைக் கண்டு செயற்கையாகவும் செய்துகாட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். பாதிரிமாரின் மகனாக, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்கு அவர் தகுதியானவரே. ஆனால் மலாயாவில் இந்த உண்மைக்கு நடமாடும் அத்தாட்சியாக இருந்தவர்கள் தமிழ்க் கூலிகள் என்பதையும், அவர்களுடைய பெண்டிர் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்த ஒரு வழக்கமே ஆராய்ச்சியாளரின் கையில் மருந்தாக மாறிற்று என்பதையும் பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தயமின் தேகத்தில் செய்கிற காரியத்தை 1930களில் ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ் என்பவர் புறாக்களின் மூளையைக் கொண்டு ஆராய்ந்தார். நாம் உண்ணும் மாவுப் பொருள் சர்க்கரையாகி, சர்க்கரை பைருவிக் அமிலமாகி, அதற்குமேல் எரிந்து சக்தியாக வேண்டும். அந்தக் கடைசிப் படியில் தயமின் இல்லையேல் வேலை தடைப்படும், அமிலம் தேங்கும், சர்க்கரையையே நம்பி உழைக்கும் நரம்பும் இருதயமும் முதலில் தளரும். ஆகவே ஒருவன் எவ்வளவு அதிகம் சோறு உண்கிறானோ, அவ்வளவு அதிகம் தயமின் அவனுக்கு வேண்டும். வெள்ளையரிசியை வயிறு நிறைய உண்டவன் பட்டினி கிடந்தவனைவிட விரைவாக நோயில் விழுந்த விந்தை இதனால் விளங்குகிறது.

தாய்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருந்தது. சென்னை ராஜதானியில் பெரிபெரி ஆந்திரக் கடற்கரையாகிய வட சர்க்கார் ஜில்லாக்களில் நிலைத்திருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி வழக்கம். புழுங்கலரிசி வழக்கமாயிருந்த தமிழ் ஜில்லாக்களில் அதே ஏழ்மை இருந்தும் அந்நோய் இல்லை. குன்னூர் உணவு ஆராய்ச்சிச் சாலையில் மக்காரிசனும், 1935 முதல் அதன் தலைவராயிருந்த அய்க்ராய்டும் இதை ஆராய்ந்தார்கள். அய்க்ராய்டும் அவரது சகாக்களும் 1940-இல் இந்தியாவின் அரிசிப் பிரச்சினையைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, புழுங்கவைக்கும் வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்குப் பலமான ஆதாரமாயிற்று.

மலாயாவில் அந்த வழக்கம் அறுந்தது யுத்தத்தினால். கரும்பு, முதல் உலகப் போருக்கு முன்பே ரப்பருக்கு இடம் விட்டு மறைந்திருந்தது. கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகள் பால்மரம் சீவினார்கள். ஆனால் பானையில் ரங்கூன் புழுங்கலரிசியே வெந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்த பின், பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் வருவது நின்றது. மரவள்ளிக் கிழங்கு சோறாயிற்று. வெல்லெஸ்லி மாகாணம் உட்படத் தோட்டங்களெங்குமிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள், சயாம் மரண ரயில் பாதையில், தீட்டிய வெள்ளையரிசியைப் பட்டினி அளவில் தின்று மலை உடைத்தார்கள். மலாயாவின் சுரங்கங்களில் தமிழரை அண்டாதிருந்த பெரிபெரி, அங்கே வாந்திபேதியோடும் புண்ணோடும் கைகோத்து அவர்களைப் பிடித்தது. இனத்தின் உடம்பில் எந்தப் பாதுகாப்பும் இருந்ததில்லை, பாதுகாப்பெல்லாம் அரிசியில் இருந்தது என்பதற்கு இதைவிடக் கொடிய நிரூபணம் வேண்டியதில்லை.

யுத்தத்துக்குப் பின் வந்த தலைமுறைகள் வேறு உணவில் வளர்ந்தன. சயாமிலிருந்தும் கிரியான், கெடா வயல்களிலிருந்தும் வரும் வெள்ளையரிசி மலிவாகவும் சுலபமாகவும் கிடைத்தது. தோட்டத்துக் கடையில் சீனியும் டின்பாலும் மைதா மாவும் கடனுக்குக் கிடைத்தன. முன்னோர் ஆலையில் காய்ச்சியும் தம் வாய்க்கு அதிகம் எட்டாதிருந்த வெள்ளைச் சீனி, பேரப்பிள்ளைகளின் தேநீரில் மூன்று கரண்டி நான்கு கரண்டியாக விழுந்தது. உடலுழைப்பு குறைந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள், லயத்துக் கொல்லையில் நின்ற முருங்கையும் பசலையும் அவர்களோடு பெயரவில்லை. இன்று பெரிபெரியை மலேசியத் தமிழர் அறியார். ஆனால் சர்க்கரையைத் தேகம் கையாள முடியாமற் போகும் மற்றொரு வியாதி அவர்கள் வீட்டுக்கு வீடு புகுந்திருக்கிறது. மலேசிய சர்க்காரின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆரோக்கியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு 31.4. தயமின் குறைவால் நீரிழிவு வருகிறது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு வழியில் வருபவை. பிறப்பும் பருமனும் உழைப்பின்மையும் நீரிழிவுக்குக் காரணங்களாகின்றன. ஆயினும் தாவரத்தின் நாரையும் தவிட்டையும் கழித்து மாவையும் இனிப்பையும் மட்டும் உண்ணும் பழக்கம் அந்தக் காரணங்களோடு சேர்ந்துகொள்கிறது. சென்னையில் நகரவாசிகளிடையே டாக்டர் மோகன் குழுவினர் நடத்திய ஆய்வில், தீட்டிய தானியத்தை அதிகம் உண்பவர்களிடம் இடுப்புப் பருமன், ரத்தக் கொதிப்பு, ரத்தச் சர்க்கரை ஆகியவை ஒன்றுசேர்ந்து காணப்படும் நிலை அதிகமாயிருந்தது என்று 2009-இல் வெளியாயிற்று.

இப்போது மலேசியக் கடைகளில் நீரிழிவுக்காரர் பலர் பொன்னிப் புழுங்கலரிசியைக் கேட்டு, வெள்ளையரிசியைவிட அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். பாட்டன் பாட்டியின் அரிசி திரும்ப வருகிறதே என்று மகிழ்வதற்கு முன்னே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய புழுங்கலரிசி கைக்குத்தலில் தவிட்டின் சிவப்போடு வந்தது, அல்லது ஆலையில் ஓரளவே தீட்டப்பட்டு வந்தது. இன்றைய பொன்னியோ புழுக்கிய பிறகு கண்ணாடிபோல் பளபளக்கும்வரை தீட்டப்படுகிறது. புழுக்குவதால் தயமினில் ஒரு பங்கு உள்ளே தங்கலாம், நார் தங்காது. 2012-இல் சென்னையில் பரிசோதித்தபோது, உண்டபின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் குறியீட்டில் பொன்னி ஏறத்தாழ 70 பெற்றது. 70-ம் அதற்கு மேலும் உயர்ந்த வகுப்பு. தவிடு நீக்காத அரிசியைப் பருமனான இந்தியர்களுக்குக் கொடுத்து 2014-இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளையரிசி உண்ட நாட்களோடு ஒப்பிட ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. அதோடு பயறும் சேர்த்துக் கொடுத்தபோது சுமார் 23 சதவீதம் குறைந்தது. நிபோங் திபாலிலோ சிம்பாங் அம்பாட்டிலோ கடைக்குப் போகிறவர், பையின்மேல் புழுங்கல் என்று அச்சிட்டிருப்பதோடு திருப்தியடையாமல், தவிடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அரிசியைக் கையில் கொட்டிப் பார்த்து, ஒரு படி பயற்றையும் சேர்த்து வாங்குவாராக.